ரெண்டு பேருக்கு மட்டும் ஏற்காடு

பார்சுவநாதன் மலைக்குப் போவது என்று முடிவு கட்டிவிட்டார். மனைவியோடு. மனைவியோடு மட்டும். அந்த 'மட்டும்' என்கிற இடத்தில்தான் ஆபத்தெல்லாம் இருந்தது.

நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர் வைத்திருக்கிற திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி நடத்துகிற, நாற்பதைத் தாண்டிய, முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்ட ஒரு சமண நயினாருக்கு இப்படி ஓர் ஆசை வரலாமா என்றால், வரக் கூடாதுதான். வந்துவிட்டது. காரணம் டி.வி. தெருவிலேயே முதல் டி.வி. அவர் வீட்டுக்குத்தான் வந்தது. வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் சினிமாப் பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் அவருக்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. அன்றைக்கும் வாசற்படியில் ஊரார் செருப்புகளுக்கு நடுவே குந்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தனும் ஒருத்தியும் தேயிலைத் தோட்டத்தில் துரத்திப் பிடித்து விளையாடினார்கள். கறுப்பு வெள்ளை டி.வி.யில் தேயிலை தார் பூசியதுபோல் இருந்தது. ஆனால் பார்சுவநாதன் கவனித்தது ஒன்றே ஒன்றைத்தான். அவ்வளவு பெரிய மலையில் அந்த இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

அவர் வீட்டு நிலவரம் வேறு. அவரும் மனைவி அனந்தமதியும் இரண்டு பிள்ளைகளும் போக, அக்கா ஞானமதி, அக்கா புருஷன் தர்மசந்திரன், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் அக்கா வீட்டுக்கு ஓடு மாற்றுகிறவரைக்கும் இங்கே இருக்கட்டும் என்று வந்தவர்கள். ஓடு மாற்றி, அந்த ஓட்டில் பாசி பிடித்து, இப்போது அதையும் மாற்றுகிற காலம் வந்துவிட்டது. அவர்கள் மட்டும் அசையவில்லை.

இத்தனை பேருக்கும் சமைக்கிறவள் அனந்தமதி. சமணக் குடும்பம். சூரியன் விழுவதற்கு முன்னால் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியாக வேண்டும். அதனால் ஊருக்கெல்லாம் சாயங்காலம் என்று ஒன்று வரும், அனந்தமதிக்கு வராது. வெயில் இருக்கும்போது அடுக்களைக்குள் நுழைந்தால், பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வரும்போது இருட்டியிருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு சாயங்காலத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. இது பார்சுவநாதனுக்குத் தெரியாது. சாயங்காலத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாளே மூட்டைகளுக்கு லாரி பேசுகிற சாக்கில் விழுப்புரம் போனார். அங்கே லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த சவுரிராயன், அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவன் அனுப்புகிற லாரி ஏறாத மலை கிடையாது.

"ஊட்டிக்குப் போலாமாடா?" என்று பார்சுவநாதன் மெதுவாக ஆரம்பித்தார்.

"வேணாண்டா. மே மாசத்துல பாதித் திண்டிவனம் அங்கதான் சுத்திக்கினு இருக்கும். உன் எதுத்த மண்டிக்காரன் குல்லா போட்டுக்கினு எதுர்ல வருவான்."

"கொடைக்கானலு?"

"ஷூட்டிங்குன்னு ரோட்டையே மறிச்சிக்கினு நிப்பான்."

"கோத்தகிரி?"

"நல்ல ஊரு. சின்ன ஊரு. ஆனா பஸ்சு வளையிற வளைவுக்கு உன் வயிறு தாங்காது."

"ஏலகிரி?"

"மலை இருக்குது. தங்க எடம் இல்ல."

"அப்ப நான் எங்கதாண்டா போறது?"

"ஏற்காடு போ. அங்க ஒரு காபித் தோட்டத்துல என் மச்சான் முத்துசாமி வாட்ச்மேனா இருக்கான். மொதலாளி வர்றதே இல்ல. தோட்டத்துக்குப் பின்னால தனியா ஒரு வீடு. ஜன்னலத் தொறந்தா மேகம் உள்ள வந்து உக்காந்துக்கும்."

"அக்கம்பக்கத்துல ஆளுங்க?"

"கொரங்குங்கதான்."

"கொரங்கு பரவால்ல. சொந்தக்காரங்க இல்லியே!" என்று பெருமூச்சு விட்டார் பார்சுவநாதன். "சரி, பேஜாரு இல்லாத எடம். அதையே முடிச்சிடு."

"சாப்பாட்டுக்கு என்னாடா பண்ணுவ? அங்க ஓட்டல்ல வெங்காயமும் உருளைக்கெழங்கும் இல்லாம ஒண்ணுமே கெடைக்காது. நீங்கதான் மண்ணுக்கு அடியில வெளையிற கெழங்கு எதையும் தொட மாட்டீங்களே?"

"அதுக்கெல்லாம் ஐடியா வெச்சிருக்கேன்" என்று பார்சுவநாதன் கண்ணைச் சிமிட்டினார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், அந்த ஐடியாவை அட்டைப்பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டில் ரகசியம் பேச ஒரே இடம் பின்கட்டில் மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறை. மல்லாட்டைத் தூசியில் தும்மிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அனந்தமதிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று பார்த்த முகம். பார்சுவநாதனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"நெசமாவா சொல்றீங்க? நாம ரெண்டு பேருமா?"

"ரெண்டே பேரு. நாலு நாளு."

"பசங்க?"

"அக்கா பாத்துக்குவா. ஆனா அக்காகிட்ட என்னான்னு சொல்றதுன்னுதான் தெரியல."

"உள்ளதச் சொல்லுங்க. நானும் என் பொண்டாட்டியும் நாலு நாளு மலைக்குப் போறோம்னு. இதுல என்னாங்க வெக்கம்?"

"அய்யய்யோ! அக்கா வுழுந்து வுழுந்து சிரிப்பா. மாமா போயி தெருவெல்லாம் சொல்லுவாரு. மண்டியில நான் தலை நிமிர்ந்து உக்கார முடியுமா?"

அனந்தமதி அதை விட்டுவிட்டாள். அவள் மனசு ஏற்கெனவே மலையேறியிருந்தது. "ஏங்க, அங்க சாயங்காலத்துல என்னா பண்ணுவோம்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"அதான் முக்கியம்!" என்று பார்சுவநாதன் உற்சாகமானார். "வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கினு நான் மேகம் எறங்குறதப் பாப்பேன். நீ உள்ளயிருந்து சூடா கிச்சடி செஞ்சி எடுத்துக்கினு வருவ." சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே புத்தம்புதிய பித்தளை பம்ப் ஸ்டவ் பளபளத்தது. "எப்படி? ஓட்டல் பக்கமே போக வேணாம். அரிசி, பருப்பு, ரவை எல்லாம் இங்கேருந்தே கட்டிக்கினு போயிடலாம். இட்லிப் பானையக்கூட எடுத்துக்கலாம். ரெண்டு பேருக்குத்தானே, உனக்கு ஒரு வேலையா அது?"

அனந்தமதி ஸ்டவ்வைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் ஸ்டவ்வைப் பார்த்தாள். முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே சுருண்டு உள்ளே போயிற்று. அழுகைகூட வந்தது. ஆனால் அவள் அழவில்லை, யோசித்தாள். இவர் மட்டும் அந்த நேரத்தில் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருக்காமல் அவள் முகத்தைக் கவனித்திருந்தால், அங்கேயே பிழைத்திருப்பார்.

"ஒண்ணு பண்ணுங்களேன்" என்றாள். "யாத்திரை போறோம்னு சொல்லிடுங்க. கோயில்னா அண்ணி சிரிக்க மாட்டாங்க. கும்புடுவாங்க."

பார்சுவநாதன் வாயைப் பிளந்தார். இப்படி ஒரு மூளையையா இத்தனை வருஷமாக அடுக்களையில் பூட்டி வைத்திருந்தோம் என்று வியந்தார்.

அன்றைக்கே அக்காவிடம் போய்ப் பணிவாக நின்றார். ஏற்காட்டு மலையில் ஒரு பாறை இருப்பதாகவும், அதில் தீர்த்தங்கரரின் திருவடி செதுக்கியிருப்பதாகவும், இந்த விஷயம் அதிகம் பேருக்குத் தெரியாது என்றும், தனக்கும் அனந்தமதிக்கும் நாலு நாள் அங்கே போய்க் கும்பிட்டு வர ஆசை என்றும் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். அதிகம் பேருக்குத் தெரியாது என்பது மட்டும் சத்தியம்.

ஞானமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "எங்களையும் கூட்டிக்கினு போடா தம்பி" என்றாள்.

பார்சுவநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, செங்குத்தான மலைக்கா. உன் முட்டி தாங்காது."

"முட்டி வலிக்க ஏறினாத்தாண்டா புண்ணியம்."

"அட்டை கடிக்கும்."

"கடிக்கட்டும். நாம அதைக் கொல்லாம இருந்தா அதுவும் புண்ணியம்."

"குளிருக்கா. பல்லு கிட்டிக்கும்."

பக்கத்தில் ஈசிசேரில் கிடந்த தர்மசந்திரன் பேப்பரை மடித்தார். "குளிருதானே? என்கிட்ட கம்பளி இருக்குது மாப்ளே" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து அடுக்களையிலிருந்து அனந்தமதியின் குரல் தேனாக வந்தது. "கோயிலுக்கு வர்றேன்றவங்கள வேணாம்னு சொன்னா பாவங்க. அண்ணியும் அண்ணனும் வரட்டுமே."

பார்சுவநாதன் அடுக்களைக்கு ஓடினார். "நீ எந்தக் கட்சிடி?"

"யாத்திரைன்னு சொன்னது நீங்கதானே?"

"சொல்லச் சொன்னது நீதானே!"

"நான் சொன்னது உங்க அக்கா சிரிக்காம இருக்கறதுக்கு. இப்ப சிரிச்சாங்களா?"

சிரிக்கவில்லைதான். அடுத்த வெள்ளிக்கிழமை டி.வி. பார்க்க வந்தவர்களிடம் ஞானமதி விஷயத்தைச் சொன்னாள். பாட்டு முடிவதற்குள் தெருவிலிருந்த நயினார் வீடுகளெல்லாம் மலைக்குப் புறப்பட்டுவிட்டன. பார்சுவநாதன் பஸ்சில் இரண்டு சீட்டு பிடிக்க நினைத்திருந்தார். கூட்டத்தைப் பற்றி மூச்சு விடாமல் சவுரிராயனிடம் சொல்லி வேன் பிடிக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் கூடினாலும் அவர் நம்பிக்கையை விடவில்லை. எல்லாரையும் ஏதாவது ஒரு பாறையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, தானும் அனந்தமதியும் மெல்ல நழுவி, ஏரிப் பக்கம் ஒரு மணி நேரமாவது தனியாக நடந்துவிடலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டார். ஒரு மணி நேரம். அது போதும் அவருக்கு. அந்த ஆசையில்தான் வேனுக்கு மேலே மூட்டைகளைத் தானே ஏற்றிக் கட்டினார்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். அனந்தமதியை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனால், அவள் மூட்டை அறைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பாயை விரித்து, தனியாக ஒரு சொம்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி இங்க உக்காந்துக்கினு? ஜல்தி வா!"

"நான் வரலீங்க. தூரமாயிட்டேன்."

"போன வாரம்தானேடி…"

"அதெல்லாம் ஆம்பள கணக்கு வெக்கிற விஷயமாங்க?"

பார்சுவநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஏண்டி, தூரமானவங்க கோயிலுக்குத்தானே வரக் கூடாது? அது கோயிலே இல்லடி! பாறையும் கெடையாது, பாதமும் கெடையாது. எல்லாம் நான் வுட்ட கதை!"

"மெதுவாப் பேசுங்க. அண்ணி வேன்ல உக்காந்திருக்காங்க. போயி அவங்ககிட்ட சொல்லுங்க இத."

பார்சுவநாதன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அதற்குள் ஞானமதியே இறங்கி வந்துவிட்டாள். பாயைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்று, "அடப் பாவமே, இவளுக்குக் குடுத்து வெக்கலியே" என்று உச்சுக்கொட்டினாள்.

"அப்ப நானும் இருந்துடறேன்கா" என்றார் பார்சுவநாதன் அவசரமாக. அந்த நிமிஷத்தில் அவருக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. இவர்களெல்லாம் மலைக்குப் போய்விட்டால் வீடு காலி! அவரும் அவளும் மட்டும்! இதைவிடப் பெரிய ஏற்காடு எங்கே இருக்கிறது!

"நல்லாக் கீதுடா! பாறை எங்க இருக்குதுன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நீ வராம நாங்க போயி யாரக் கேக்கறது? கொரங்கையா கேக்கறது? ஏறுடா வேன்ல!"

ஏறினார். வேன் திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தார். அனந்தமதி வாசல் வரைக்கும் வந்து, தள்ளி நின்று, கையாட்டிக்கொண்டிருந்தாள். தூரமானவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

விழுப்புரத்தில் சவுரிராயன் தன் ஆபீஸ் வாசலில் முழு மல்லிகைச் சரத்தோடு காத்திருந்தான். வேன் நின்றதும் உள்ளே எட்டிப் பார்த்தான். கம்பளிக்குள்ளிருந்து தர்மசந்திரன் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"புது மாப்ளே, பொண்ணு எங்கடா?"

"வூட்டுல."

"அப்ப இவங்கள்லாம் யாருடா?"

"ஜன்னலத் தொறந்தா உள்ள வந்து உக்காந்துக்கும்னு சொன்னியே, அந்த மேகம்" என்றார் பார்சுவநாதன். சவுரிராயன் சிரித்த சிரிப்பில் மல்லிகைச் சரம் கீழே விழுந்தது.

ஏற்காடு அழகான ஊர்தான். ஆனால் அதைப் பற்றி பார்சுவநாதனைக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் பார்த்தது ஒரு அடுப்பங்கரையை மட்டும்.

போய்ச் சேர்ந்ததும் பெண்கள் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "யாருக்கா சமைக்கிறது?" என்று கேட்டார்.

"நீதான்!" என்றாள் ஞானமதி. "யாத்திரைக்கு அழைச்சவன் கையால சாப்புட்டாத்தான் முழுப் பலன்னு உன் பொண்டாட்டி சொல்லி அனுப்பிச்சா. எனக்கே இது தெரியாமப் போச்சி பாரு. அவங்க அம்மா வூட்டுப் பக்கம் அப்படித்தானாம்."

மாமியார் வீட்டில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இல்லாத பாறைக்கு ஊரைக் கூட்டி வந்தவர், இல்லாத வழக்கத்தை எந்த வாயால் மறுப்பது? பித்தளை ஸ்டவ்வைப் பிரித்தார். புஸ்ஸென்று பம்ப் அடித்தார். அது முதலில் அவர் புருவத்தைக் கொஞ்சம் கருக்கிவிட்டு, அப்புறம் எரிந்தது.

இதிலே இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் ஆனதும் மேகம் இறங்கி மலையையே மூடிவிட்டது. தர்மசந்திரன் வாசலில் நின்று வானத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ளே, சூரியன் கண்ணுக்குத் தெரியலன்னா அது அஸ்தமனந்தான். அதுக்கு மேல சாப்பிடக் கூடாது."

"மாமா, மணி மூணுதான் ஆவுது!"

"மணியப் பாத்தா வெரதம்? சூரியனத்தானே பாக்கணும்?"

ஆகவே மறுநாளிலிருந்து காலைப் பலகாரம் முடிந்த கையோடு ராத்திரிச் சாப்பாட்டையும் தொடங்க வேண்டியதாயிற்று. நடுவில் மத்தியானச் சாப்பாடு. பார்சுவநாதன் விடிந்ததும் ஸ்டவ்வுக்கு முன்னால் குந்தினால், மேகம் இறங்குகிறவரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை. முதல் நாள் கிச்சடி கூழாக இருந்தது. இரண்டாம் நாள் கல்லாக இருந்தது. மூன்றாம் நாள் என்ன நடந்ததோ, நெய்யும் மிளகும் சேர்ந்து மணந்து, பிள்ளைகள் தட்டை வழித்து நக்கின. தர்மசந்திரன் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பார்சுவநாதனுக்கு அதில் ஒரு பெருமை வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெருமையோடு ஒரு நினைப்பும் வந்தது. கரண்டியைப் பிடித்து மணிக்கட்டு வீங்கியிருந்தது, புகையில் கண் எரிந்தது, வெளியே எல்லோரும் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. வாசலுக்குப் போய் மலையை ஒரு பார்வை பார்க்கலாம் என்றால் பருப்பு அடிப்பிடிக்கும். அனந்தமதிக்கு வருஷம் முழுக்க இப்படித்தான் போகிறது என்று அவருக்கு உறைத்தது. இட்லிப் பானையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன தன் வாயை நினைத்து வெட்கமாக இருந்தது.

பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி நாள் கூட்டத்தைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் முன்னால் போன தர்மசந்திரன் ஒரு பாறையில் மழைநீர் தேங்கிய பள்ளத்தைப் பார்த்து, "இதோ!" என்று கத்தி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். எல்லோரும் விழுந்தார்கள். ஞானமதி கண்ணில் தண்ணீர் விட்டாள். பார்சுவநாதனும், உண்மையாகவே பாவமன்னிப்பு வேண்டி, எல்லோருக்கும் பின்னால் விழுந்து கும்பிட்டார்.

திண்டிவனம் திரும்பியபோது வீடு சத்தமே இல்லாமல் கிடந்தது. அனந்தமதி மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நாளும் அவலும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டிருக்கிறாள். மத்தியானம் தூங்கியிருக்கிறாள். சாயங்காலமானால் மாடிக்கு வந்து, வானம் சிவந்து மங்குகிறவரைக்கும் வேடிக்கை பார்த்திருக்கிறாள். நாலு வயசு குறைந்தவள்போல இருந்தாள்.

ஞானமதி படியேறி வந்ததும் முதல் வார்த்தையாக, "உன் புருஷன் கைக்கு என்னா ருசிடி! இத்தன நாளா நம்மகிட்ட மறைச்சி வெச்சிருக்கான்!" என்றாள். பின்னாலேயே வந்த தர்மசந்திரன், "இனிமே சாயங்காலக் கிச்சடி மாப்ளே கையாலதான்" என்று தீர்ப்பளித்தார். அந்த வீட்டில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. வாரத்தில் ஒருநாள் என்று ஆரம்பித்தது. ஒரு மாசத்துக்குள் தினமும் என்று ஆகிவிட்டது. மண்டியைச் சீக்கிரம் சாத்திக்கொண்டு பார்சுவநாதன் வேட்டியை மடித்துக் கட்டி அடுக்களைக்குள் போவார். அனந்தமதி மாடிக்குப் போவாள்.

ஒருநாள் எல்லோருக்கும் போட்டு முடித்து, தானும் நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, அவர் வேர்க்க விறுவிறுக்க மாடிக்கு வந்தார். சூரியன் அப்போதுதான் விழுந்திருந்தது. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எல்லாமே நீ போட்ட திட்டந்தானேடி?" என்றார்.

"ஸ்டவ்வப் பாத்த ஒடனே போட்டுட்டேங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஸ்டவ்வ வுட்டுட்டு வந்திருக்க மாட்டனா?"

"அப்ப யாரு சமைச்சிருப்பா?"

'நான்தான்' என்கிற பதில் அன்றைக்கு எவ்வளவு யோசித்திருந்தாலும் அவருக்குத் தோன்றியிருக்காது. இரண்டு பேரும் மங்கலான வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே பிள்ளைகள் சண்டை போட்டார்கள், ஞானமதி அதட்டினாள், யாரோ டி.வி.யைப் போட்டார்கள். பார்சுவநாதனுக்கு அந்தப் பழைய ஆசை திரும்பவும் எட்டிப் பார்த்தது.

"அனந்தி, நான் பண்ணது தப்புதான். இந்தத் தடவ பொய்யெல்லாம் இல்ல. அக்காகிட்ட நேராவே சொல்லிடறேன். அடுத்த மே மாசம் நாம ரெண்டு பேரு மட்டும் கோத்தகிரிக்குப் போயிட்டு வரலாமாடி?"

அனந்தமதி அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். முகம் பழையபடி மலர்ந்தது.

"தாராளமாப் போலாங்க. அதான் நீங்க இப்ப நல்லா சமைக்கிறீங்களே!"